தலைவர் விலகிய பின்

திறமையும் நேர்மையும் வாய்ந்த ஒருவர் சங்கத்தை நடத்தி வரும்போது, உபவிதிகளைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. அவர் சொல்லே விதி. அவர் நினைவே பதிவேடு. அவர் விலகினால் என்ன ஆகும் என்று கேட்பதும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நான் பன்முறை கண்ட நிலை இது. இக்கேள்விக்கு ஒரே நாளில் விடை தேட நேர்ந்த ஓர் அமைப்பின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிவது நலம். அது நெசவாளர் சங்கமும் அன்று, விவசாயிகள் சங்கமும் அன்று. ‘பைத்தான்’ என்னும் கணினி மொழியைப் பேணி வரும் தன்னார்வலர்களின் கூட்டம்.

கணினி மொழி என்றவுடன் மலைக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு தறியில் எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டை தெரிவிக்கிறதல்லவா? அதுபோலக் கணினிக்குக் கட்டளையிட மனிதர் வகுத்த மொழிகளுள் ஒன்று பைத்தான். இதன் உள்ளமைப்பு எவருக்கும் மறைக்கப்படுவதில்லை. யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். குறை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். இவ்வகையைத் ‘திறந்த மூல’ மென்பொருள் என்பர்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றுகையில், 1989 டிசம்பரில் இம்மொழியை அமைக்கத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். உடனிருந்தோர் அவருக்கு ‘நல்லெண்ணம் கொண்ட ஆயுட்கால சர்வாதிகாரி’ என்று வேடிக்கையாகப் பட்டம் சூட்டினர். வேடிக்கையாகப் பிறந்த பட்டம் நாளடைவில் உண்மையான ஆட்சி முறையாயிற்று. மாற்றம் வேண்டுவோர் எழுத்து மூலம் பிரேரணை தருவர், பலரும் விவாதிப்பர், இறுதி முடிவு அவருடையது. இம்முறையில் மொழி வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

2018ஆம் ஆண்டு, ஒரு கணக்கின் நடுவிலேயே அதன் விடைக்குப் பெயரிட்டுக்கொள்ள உதவும் சிறு குறியீடு பற்றிப் பிரேரணை ஒன்று வந்தது. விவாதம் கசப்பில் முடிந்தது. அவர் பிரேரணையை ஏற்றார். ஆனால் ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, பலருடைய வெறுப்பையும் தேடிக்கொள்ள இனி விருப்பமில்லை என்று கூறி, ஜூலை 12ஆம் நாள் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசு எவரையும் அவர் நியமிக்கவில்லை. அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு விதியும் இல்லை.

மூல உறுப்பினர்கள் கலைந்து போய்விடவில்லை. தனித் தலைவர், மூவர் குழு, தலைவரே இல்லாத முறை என ஏழு திட்டங்கள் எழுதப்பட்டன. 2018 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஐவர் கொண்ட வழிகாட்டும் குழு என்னும் திட்டம் வென்றது. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வெளியான பின் தேர்தல் நடைபெற வேண்டும். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் குழுவில் இடம் பெறலாகாது. மூன்றில் இரு பங்கு வாக்கினால் குழுவை நீக்கலாம். தன் அதிகாரத்தை இயன்ற அளவு குறைவாகவே குழு பயன்படுத்த வேண்டும் என்றும் அவ்விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் அமைந்த முதற்குழுவில் நிறுவியவரே ஐவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மற்றவரோடு சமமாக அமர்ந்தார். அடுத்த குழுவுக்கு அவர் போட்டியிடவில்லை.

ஆட்சி முறை அமைந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. புதுத் தறி பூட்டும் நாளில் ஊரே கூடும். பழுது பார்க்கும் நாளில் ஒருவரும் வருவதில்லை. இம்மொழியிலும் அவ்வாறே. 2008இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, பழைய கட்டளைகள் பல அதில் அப்படியே இயங்கவில்லை. இரண்டாம் பதிப்பின் பராமரிப்பை 2015இல் நிறுத்த எண்ணியவர்கள், பயன்படுத்துவோரின் நிலை கண்டு 2020 ஜனவரி முதல் நாள் வரை நீட்டித்தனர். பத்து ஆண்டுகளுக்கு மேல் இரட்டைச் சுமை சுமக்க நேர்ந்தது. பேண ஆளில்லாமல் பழமையடைந்த 19 துணைப் பகுதிகள் 2024இல் வெளிவந்த பதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. அதற்கும் பல ஆண்டு விவாதம் தேவைப்பட்டது. வந்து குவியும் திருத்தங்களைப் பரிசீலிக்கத் தன்னார்வலரின் ஓய்வு நேரம் போதாமையால், 2021 முதல் இம்மொழிக்கான அறநிறுவனம் நன்கொடையைக் கொண்டு முழுநேர ஊழியரை அமர்த்தியது.

குறைகளும் உண்டு. இம்மொழியைப் பயன்படுத்துவோர் மிகப் பலர். குழுவுக்கு வாக்களிப்போர் மூல உறுப்பினர் மட்டுமே. 2024இல் நெடுநாள் தொண்டாற்றிய ஒருவரை நடத்தை விதிகளின்படி மூன்று மாதம் குழு விலக்கி வைத்தது. அது நியாயமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. தேர்ந்தெடுத்த குழு இருப்பதாலேயே மனத்தாங்கல் மறைந்துவிடாது. ஆனால் யார் முடிவு செய்தார், எந்த விதிப்படி என்று கேட்க இடமிருக்கிறது. தனி ஒருவர் ஆட்சியில் அக்கேள்விக்கு அவர் ஒருவரே விடை.

தலைவர் விலகிய அந்த ஜூலை மாதத்தில் அம்மொழி அழிந்திருக்கக்கூடும். அழியாமைக்குக் காரணம், பொறுப்பேற்கப் பழகிய உறுப்பினர் முன்பே இருந்ததுதான். எனினும் விதியின்றி அவர்கள் பட்ட இடர் பெரிது. நம் சங்கத்தில் நாளை காரியதரிசி வராவிட்டால் பேரேடு எங்கே, சாவி யாரிடம், கையொப்பமிடும் அதிகாரம் எவருக்கு என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிவாரா? அடுத்த பொதுக்குழுவில், தலைவர் நலமுடன் மேடையில் அமர்ந்திருக்கும்போதே, இதைக் கேட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.