திறப்பு விழாவுக்கு முன்பே வெளியேறிவிடும் கார்பன்

ஒரு சாலையோ பாலமோ மேல்நிலை நீர்த்தொட்டியோ கட்டி முடிப்பதற்குள் அதற்காக வெளியேறிவிடும் கரியமில வாயுவின் கணக்கை ‘உள்ளடங்கிய கார்பன்’ என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லை வெட்டுவது, சூளையில் சுடுவது, இரும்பை உருக்குவது, ஜல்லி உடைப்பது, லாரியில் ஏற்றி வருவது, களத்தில் இயந்திரங்களை ஓட்டுவது என எல்லாமே இதில் சேரும். பின்னாளில் செய்யும் பழுதுபார்ப்பும், கடைசியில் இடித்து அகற்றுவதும் முழு ஆயுள் கணக்கில் வரும். தெருவிளக்கு அதிக மின்சாரம் இழுத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஊற்றி இறுகிய கான்கிரீட்டுக்காக வெளியேறிய வாயுவை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே இதைக் குறைக்கும் வாய்ப்பெல்லாம் வரைபடமும் மதிப்பீடும் தயாராகும் மேசையில்தான் இருக்கிறது.

சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி ஆகிய ஊர்களுக்கு நடுவே கரிசல் காட்டில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் நடக்கும் இவ்வட்டாரத்தின் கிளைச்சாலைகளில் மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஓடும் அளவுக்கு வண்டிகள் ஓடுவதில்லை. வண்டிகள் குறைவாக ஓடும் சாலையில் டீசல் புகையின் பங்கும் குறைவு. சாலையைப் போட்ட பொருள்களின் பங்கு அந்த அளவுக்குக் கூடுதல். கிராமச் சாலைகளிலும் சிறுபாலங்களிலும் உள்ளடங்கிய கார்பனைத் தனியாகக் கவனிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். அதைக் குறைப்பதற்கான பொருள்களும் அறிவும் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன.

சூளையில் தொடங்கும் கணக்கு

கட்டுமானத்தில் பெரும் பங்கு சிமெண்டுடையது. உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சிமெண்டு தயாரிக்கும் நாடு இந்தியா. விருதுநகர் மாவட்டத்துக்கு இது அயல் தொழிலும் அல்ல. ராமசாமி ராஜா நகரில் ராம்கோ ஆலையும், ஆலங்குளத்தில் தமிழக அரசின் சிமெண்டு ஆலையும் இருக்கின்றன. பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது.

சிமெண்டின் உயிர்ப்பொருள் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு இதைச் செய்கிறார்கள். அந்த வெப்பத்துக்காக எரிக்கும் நிலக்கரியின் புகை வெளியீட்டில் ஒரு பகுதி மட்டுமே. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். கல்லுக்குள்ளேயே இருந்த வாயு அது. கிளிங்கரால் வரும் வெளியீட்டில் பாதிக்கு மேல் இவ்வாறு கல்லிலிருந்தே வருகிறது. சூளையை முழுக்கச் சூரிய ஒளியில் இயக்கினாலும் இந்தப் பகுதி குறையாது. ஆகவே கிளிங்கரின் அளவைக் குறைப்பதே முதல் வழி.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 350 கிலோ, அதாவது ஏழு மூட்டை சிமெண்டு என்று கொள்வோம். கலப்பில்லாத சாதாரண சிமெண்டு ஒரு டன்னுக்குச் சுமார் 0.85 டன் கரியமில வாயு வெளியேறும் என்றால், ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. 3.75 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள கான்கிரீட் சாலை ஒரு கிலோமீட்டர் போட 750 கனமீட்டர் தேவை. சிமெண்டால் மட்டும் சுமார் 223 டன் ஆகிறது. அந்தச் சிமெண்டில் 30 சதவீதத்துக்குப் பதில் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கே ஏறத்தாழ 67 டன் மிச்சமாகும்.

சாம்பல், கசடு, சுட்ட களிமண்

இந்தச் சாம்பல் கிடைக்கும் இடம் தொலைவில் இல்லை. சாத்தூரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரி எரிந்தபின் புகையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்சாம்பல், சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் சுண்ணாம்போடு சேர்ந்து மெல்ல இறுகும் தன்மையுடையது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 1489, பி.பி.சி. எனப்படும் பொசோலானா சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இடமளிக்கிறது. இரும்பாலைக் கசடு சேர்ந்த சிமெண்டுக்கான ஐ.எஸ். 455, 70 சதவீதம் வரை கசடைச் சேர்க்க விடுகிறது. சாம்பலை வீணாக்கக்கூடாது என்பதற்காக 1999 முதல் மத்திய அரசின் அறிவிக்கைகளும் உண்டு. அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலைப் பணிகள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சிமெண்டில் சேராத சாம்பலைச் சாலைக் கரை நிரப்பவும் செங்கல் செய்யவும் பயன்படுத்தலாம்.

சாம்பல் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுவடையும். அச்சுப் பலகையைச் சீக்கிரம் பிரித்தால் கெடுதல். நீர் விட்டு ஈரம் காப்பதையும் சாதாரண சிமெண்டைவிடக் கூடுதல் நாள் செய்ய வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள், வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் 14 நாள் வரை என்கிறது ஐ.எஸ். 456. தண்ணீர்ப் பஞ்சமும் கடும் வெயிலும் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் இதுதான் பெரிய சவால். ஈரச்சாக்கு போர்த்துவது, ஆவியாதலைத் தடுக்கும் பூச்சு அடிப்பது ஆகியவற்றால் குறைந்த நீரில் இதைச் சமாளிக்கலாம். ஈரம் காக்காமல் விட்ட கான்கிரீட் சில ஆண்டுகளில் பெயர்ந்தால் இரண்டாவது முறை சிமெண்டு ஊற்ற வேண்டிவரும். மிச்சப்படுத்திய கார்பன் அத்தனையும் அதில் போய்விடும்.

நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாக வந்திருப்பது எல்.சி.3 என்னும் சுட்ட களிமண் சிமெண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகம், கியூபாவின் ஆய்வாளர்கள், டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.கள் ஆகியோர் சேர்ந்து இதை வளர்த்தார்கள். பரவலாக உள்ள கலவையில் கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் போதும். சுடும்போது சுண்ணாம்புக்கல்லைப் போல அது கரியமில வாயுவை விடுவதில்லை. மொத்த வெளியீடு சாதாரண சிமெண்டைவிட 40 சதவீதம் வரை குறைகிறது. 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தர விதியும் வந்துவிட்டது. இதற்கு ஏற்றது கயோலின் வகைக் களிமண். கரிசல் மண்ணில் உள்ள களிமண் வேறு வகை, இந்தப் பயனுக்கு அவ்வளவாக உதவாது.

கரிசலின் மேல் கட்டுவது

கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் மிகுதி. மழையில் அது நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை அலையலையாக நெளிந்து விரிசல் விடுகிறது. மண்ணை ஆழமாகத் தோண்டி அள்ளிவிட்டு வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து கொட்டுவதே வழக்கமான தீர்வு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், நூற்றுக்கணக்கான லோடுகளின் போக்குவரத்தே பெரிய செலவாகிவிடும்.

இருக்கிற மண்ணையே பக்குவப்படுத்துவது மாற்று வழி. எடையில் சில சதவீதம் சுண்ணாம்பைக் கரிசலில் கலந்து இறுக்கினால் களிமண்ணின் உப்பும் தன்மை தணிகிறது. நாளடைவில் மண் வலுவும் பெறுகிறது. சுண்ணாம்பு, சிமெண்டு, சாம்பல் கொண்டு மண்ணை உறுதிப்படுத்தும் முறைகளை இந்தியச் சாலைக் காங்கிரசின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி, எஸ்.பி. 89, விளக்குகிறது. சுண்ணாம்பும் சூளையில் சுட்டதே. ஆகவே அதன் கார்பனையும் மிச்சமாகும் லாரி ஓட்டத்தையும் அருகருகே வைத்துக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். கிராவல் குவாரி அருகில் இருந்தால் ஒரு விடை, தொலைவில் இருந்தால் வேறு விடை.

கட்டடங்களுக்கும் மின்கோபுரங்களுக்கும் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கிய அடி பருத்த தூண் அடித்தளம் உண்டு. பருவந்தோறும் மண் அசையும் ஆழம் சுமார் 3.5 மீட்டர். அதற்கும் கீழே துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அகலமான பள்ளம் தோண்டி நிரப்புவதைவிடக் கான்கிரீட்டும் மண்வேலையும் குறைகின்றன. ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதி இதற்கு விதி வகுத்திருக்கிறது.

தார்ச்சாலையும் பழைய சாலையும்

தார்ச்சாலையில் ஜல்லியை உலர்த்திச் சூடாக்க எரிக்கும் எரிபொருள் முக்கியமான செலவு. தார்ச்சாலையின் கார்பனைக் குறைப்பதில் மதுரைக்கு ஒரு தனி இடம் உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சுமார் 160–170 டிகிரியில் சூடான ஜல்லியின்மேல் தூவி மெல்லிய படலமாக ஒட்டவைத்து, பிறகு தார் கலக்கும் முறையை உருவாக்கினார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை போடப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தார் தேவையில் பத்தில் ஒரு பங்கு வரை இதில் குறையும். நீர் எளிதில் புகாததால் சாலை கூடுதல் காலம் தாங்குவதே பெரிய லாபம். சூட்டில் நச்சு வாயு விடும் பி.வி.சி.யை மட்டும் அறவே சேர்க்கக்கூடாது.

பழைய சாலையின்மேலேயே புதிய அடுக்கைப் போட்டுப் போட்டு வீட்டு வாசல்கள் பள்ளத்தில் இறங்கிவிடுவது தமிழக நகரங்கள் அறிந்த துன்பம். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தபிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். சுரண்டி எடுத்ததில் நல்ல ஜல்லியும் தாரும் இருக்கின்றன. அதைக் குப்பையாகக் கொட்டாமல் மறுபடியும் கலந்து பயன்படுத்தினால் புதிய ஜல்லி, புதிய தார் இரண்டும் மிச்சம். இதற்கான வழிகாட்டியாக இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 120 என்ற ஆவணம் 2015-இலேயே வந்திருக்கிறது.

கம்பியும் ஆயுளும்

ஊதுலையில் இரும்புத்தாதுவிலிருந்து செய்யும் எஃகு ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் இது வெகுவாகக் குறையும். ஆனாலும் டன் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. கட்டுமானம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 வரை ரயில்களைத் தாங்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் உப்புக்காற்றைத் தாங்கத் துருப்பிடிக்காத கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அத்தகைய கம்பிக்குத் தொடக்கக் கார்பன் அதிகம். பாலம் நெடுங்காலம் நின்றால் ஆண்டுக்கணக்கில் அது குறைவாகவே முடியும்.

முடிவெடுக்கும் வரிசை

பிரிட்டனில் 2016-இல் வெளியாகி 2023-இல் திருத்தப்பட்ட பாஸ் 2080 என்ற தர நெறி, உள்கட்டமைப்புத் துறைக்கு ஒரு வரிசையைத் தருகிறது. புதிதாகக் கட்டாமலே தேவையை நிறைவேற்ற முடியுமா என்பது முதல் கேள்வி. குறைவாகக் கட்ட முடியுமா, குறைந்த கார்பன் பொருளுக்கு மாற முடியுமா, கட்டும் முறையைச் சீராக்க முடியுமா என்பவை அடுத்தடுத்த கேள்விகள். விருதுநகர் மாவட்டத்துக்கு முதல் கேள்வி நன்றாகப் பொருந்தும். மண்கரையும் கல்மடையும் கொண்ட கண்மாய்களைத் தூர்வாரி, மடைகளைப் பழுதுபார்த்தால், புதிய கான்கிரீட் கட்டுமானத்துக்கு ஆகும் கார்பனில் சிறு பங்கிலேயே நீர் கிடைக்கும்.

இவை அனைத்தும் நடைமுறைக்கு வருவது ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில்தான். கலப்பில்லாத சிமெண்டையே போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் ஒப்பந்ததாரர் விரும்பினாலும் சாம்பல் சேர்க்க முடியாது. சிமெண்டின் பெயரைக் குறிப்பிடுவதற்குப் பதிலாகத் தேவையான வலுவையும் ஆயுளையும் குறிப்பிடலாம். சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாக வலுவடைவதால், 28 நாள் வலுவுக்குப் பதில் 56 நாள் வலுவை ஏற்கக்கூடிய இடங்களை வரையறுக்கலாம். அளவுப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் விலைக்கும் பக்கத்தில் அதன் கார்பனுக்கு ஒரு பத்தி சேர்க்கலாம். 2023-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் வணிகத் திட்டத்துக்குள் சிமெண்டுத் தொழிலும் வருவதால், ஆலைகள் தங்கள் வெளியீட்டை அளந்தாக வேண்டும். அந்த அளவுகள் மதிப்பீடு தயாரிக்கும் உதவிப் பொறியாளரின் கைக்குக் கிடைத்தால், நெடுஞ்சாலையானாலும் ஏழாயிரம்பண்ணைக் கிளைச்சாலையானாலும் கார்பனை ஒரு செலவாகவே எண்ணித் திட்டமிட முடியும்.