தாவத் தெரியாத தேவாங்கு

குரங்கு தாவும், அணிலும் தாவும். ஆனால் தேவாங்குக்குத் தாவத் தெரியாது! அடுத்த கிளையை இறுகப் பிடித்த பிறகுதான் பழைய கிளையை விடும். வாலும் கிடையாது. எடை சுமார் கால் கிலோ. திண்டுக்கல் மாவட்டத்தில் அய்யலூர், நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் காடுகளில், உசிலை மரத்திலும் முள் மரங்களிலும் இது வாழ்கிறது.

பகலெல்லாம் உருண்டு சுருண்டு தூங்கும். இருட்டியதும் எறும்பு, கறையான், வண்டு என்று பூச்சிகளைத் தேடித் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதில் அடக்கம். ஆகவே விவசாயிக்கு இது நல்ல துணை.

இவ்வளவு சின்ன விலங்கை இருட்டில் எப்படி எண்ணுவது? வனத்துறையோடு சேர்ந்து, திண்டுக்கல் சீட்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் தன்னார்வலர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். நெற்றி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு, பேசாமல், மெதுவாக நடப்பார்கள். சிவப்பு வெளிச்சம் தேவாங்கின் கண்ணை அதிகம் கூசச் செய்யாது.

கிளைகளுக்கு நடுவே திடீரென்று இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் மின்னும். அவைதான் தேவாங்கின் கண்கள்! அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது விழித்திரையை இன்னொரு முறை தொடும். ஆகவே மங்கிய நிலவொளியே தேவாங்குக்குப் போதும். பூனையின் கண் இரவில் மின்னுவதும் இப்படித்தான். அதனால், பார்த்தது தேவாங்குதானா என்று உறுதி செய்துகொண்டு, எந்த இடம், எந்த மரம் என்று குறித்துக்கொள்வார்கள்.

அந்தக் குறிப்பால் என்ன பயன்? தேவாங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த மரங்களைக் காக்க வேண்டும் என்று தெரியும். நடுவில் ஒரு மரத்தை வெட்டிவிட்டால், தாவ முடியாத தேவாங்கு தரையில் இறங்கித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுவிடும்.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. ஆனாலும் தோட்டத்து வேலியிலும் சாலையோர மரத்திலும் வாழும் தேவாங்குகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

தேவாங்கைப் பார்த்தால் ஆகாது, அது மாந்திரீகத்துக்கு உதவும் என்றெல்லாம் யாராவது சொன்னால், அது பூச்சி தின்னும் சாதுவான விலங்கு என்று எடுத்துச் சொல்லுங்கள். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். அடிபட்டுக் கிடந்தால் தொடாமல், பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வேலியில் நிற்கும் மரத்தை வெட்டப் போகிறார்களா? கிளை கிளையாகப் போகும் தேவாங்குக்கு அதுதான் பாதை என்று வீட்டில் சொல்லுங்கள்.