ஊமை நாடகம் ஊமையா?

வாய் திறவாமல் உள்ளக் கருத்தை உடலால் உணர்த்தும் கலையை மேலைநாட்டார் ‘பான்டமைம்’ என்பர். தமிழில் ‘ஊமை நாடகம்’ என்னும் பெயர் வழங்குகின்றது. இப்பெயர் பொருந்துமா என்பதை மூலச்சொல்லின் வேரிலிருந்தே ஆராய்தல் நலம்.

கிரேக்க மொழியில் ‘பான்டோ’ என்பது ‘அனைத்தும்’ என்றும், ‘மிமோஸ்’ என்பது ‘போலச் செய்பவன்’ என்றும் பொருள்படும். ஆகவே, ‘அனைத்தையும் போலச் செய்பவன்’ என்பதே இச்சொல்லின் பொருள். முதலில் கலைஞனைக் குறித்த சொல் பின்னர்க் கலைக்கும் பெயராயிற்று. பேச்சின்மை பற்றிய குறிப்பு இதில் யாண்டும் இல்லை.

சொல் கிரேக்கத்தது எனினும் கலை தழைத்தது உரோமில். கி.மு. 22ஆம் ஆண்டளவில், அகஸ்டஸ் பேரரசர் காலத்தில், சிலீசியா நாட்டுப் பிலாடிஸ், அலெக்சாந்திரியா நகரத்துப் பாத்திலஸ் ஆகிய இருவரும் இதற்குப் புதுவடிவம் தந்தனர். வாய் மூடிய முகமூடி அணிந்த ஒரே கலைஞன், கதைமாந்தர் அனைவராகவும் மாறி மாறி ஆடுவான். பாடகர் குழு கதையைப் பாடும்.

அவ்வாறாயின் பெருமை பாட்டுக்கா, ஆட்டத்துக்கா? நீரோ மன்னன் காலத்தில் டெமெட்ரியஸ் என்னும் மெய்யியலார் இவ்வாறே ஐயுற்றார். கலைஞன் இசையை நிறுத்தச் செய்து தனியே ஆடிக் காட்டினான். அவன் கைகளே பேசுகின்றன என வியந்தார் அவர். பான்டஸ் நாட்டு அரச குலத்தார் ஒருவர், மொழி வேறுபட்ட அண்டை நாட்டாருடன் உரையாட மொழிபெயர்ப்பாளனாக இத்தகைய கலைஞனையே நீரோவிடம் பரிசாகக் கேட்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன் இவ்விரு நிகழ்ச்சிகளையும் குறிப்பிடுகின்றார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசின் ஃபூனாம்பூல் அரங்கிற்கு உரையாடல் நாடகம் நடத்த உரிமை இல்லை. அத்தடைக்குள் நின்றே டெப்யூரோ (1796-1846) ‘பியரோ’ என்னும் வெண்முகப் பாத்திரத்தை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தினார். அடுத்த நூற்றாண்டில், 1944இல் தம் தந்தையை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்த மர்சேல் மார்சோ (1923-2007), 1947இல் ‘பிப்’ என்னும் கோமாளியைப் படைத்து இக்கலையை உலகெங்கும் கொண்டுசென்றார்.

பேச இயலாமை வேறு. பேசாமலே உணர்த்துதல் வேறு. வாய்க்குத் தடை வந்த காலத்தும் இக்கலை தன் கருத்தைச் சொல்லத் தவறவில்லை. ஆதலின் இதனைப் ‘பேசா நாடகம்’ எனல் தகும். கல்லூரி மேடைகளில் இதனை நிகழ்த்தும் மாணவர்கள், தாம் ஊமையராய் நடிக்கவில்லை, அனைத்துமாய் நடிக்கின்றோம் என்பதை நினைவிற் கொள்வார்களாக.