சாவைப் பற்றி இத்தனை சங்கதியா! இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

“விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது!” சாவைப் பற்றி வாயெடுத்தால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். ஆனால் மனிதர்கள் அந்தப் பேச்சைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், கதையாக எழுதியிருக்கிறார்கள், உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

செத்த இடமே பட்டப்பெயர்!

அரசன் எங்கே இறந்தானோ அந்த இடத்தையே அவன் பெயரோடு சேர்த்துச் சொன்னவர்கள் நம் முன்னோர், தெரியுமா? குளமுற்றத்துத் துஞ்சிய (இறந்த) கிள்ளிவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று சோழ, பாண்டிய, சேரர் மூவருக்கும் புறநானூற்றுக் குறிப்புகளில் இந்த வழக்கம் உண்டு. பிற்காலச் சோழர்களும் அதை விடவில்லை! காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழர் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ ஆனார். 1054இல் கொப்பம் போரில் யானை மீதே உயிர்விட்ட முதலாம் இராசாதிராசன் ‘யானைமேல் துஞ்சின தேவர்’ ஆனான். அண்ணன் விழுந்த அதே களத்தில் தம்பி இரண்டாம் இராசேந்திரன் முடிசூடிக்கொண்டான் என்கின்றன சோழர் கல்வெட்டுகள்!

“பிள்ளை பிறக்கட்டும், பிறகு வா!”

கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்ததும், அதுவரை பார்த்தேயிராத நண்பர் பிசிராந்தையார் தேடி வந்ததும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. பொத்தியார் கதை தெரியுமா? அந்தப் புலவரும் அரசனோடு உயிர்விடத் துணிந்தார். மனைவியோ கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான்! பிள்ளை பிறந்த பிறகு அவர் வந்து பார்த்தபோது அரசன் நடுகல்லாகி இருந்தான்.

பாறையில் ஒரு நோன்புக் கணக்கு

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சமணரின் இந்த நோன்பு நீதிமன்றப் படியும் ஏறியது! 2015 ஆகஸ்டில் இராசஸ்தான் உயர் நீதிமன்றம் இது தற்கொலைக்குச் சமம் என்றது. மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது!

கல்லில் தொடங்கி அச்சுக்கு வந்த ‘கல்வெட்டு’

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்டவனுக்கு எடுத்தது. யாழ்ப்பாணத்திலோ ‘கல்வெட்டு’ என்றால் அச்சிட்ட புத்தகம்! இறந்தவரின் குலம், வாழ்வு, குணம் எல்லாம் பாட்டாக எழுதி, 31ஆம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த நினைவு மலர்கள்தான் இன்று ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்குப் புதையல்!

உலகம் சுற்றி ஒரு பார்வை

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் தோராஜா மக்கள், பெருஞ்சடங்கு நடக்கும்வரை இறந்தவரை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அதுவரை அவர் ‘நோயாளி’தான். சோறு வைப்பார்கள், பேசுவார்கள்! கானாவின் அக்ரா பக்கம் மீனவருக்கு மீன் வடிவத்தில் சவப்பெட்டி செய்வார்கள், விமான வடிவில்கூட உண்டு! மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் திருநாளில், உயிரோடிருக்கும் அரசியல்வாதி செத்துவிட்டதாகப் பாவித்துக் கேலிப்பாட்டு எழுதிப் பத்திரிகையிலேயே போடுவார்கள்!

மாட்டு மருந்து கலைத்த சடங்கு

உடலைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் கொடுப்பது பார்சிகளின் மரபு. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா 2006இல் தடை செய்தது. அதற்குள் கழுகுகள் அருகிவிட்டன. பார்சிகள் உடலை வைக்கும் மும்பை அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டியதாயிற்று!

சாகக் கற்றுத்தரும் கையேடு

நன்றாகச் சாவது எப்படி என்று 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படங்களோடு புத்தகமே வந்தது! பெயர் ‘ஆர்ஸ் மொரியெண்டி’. 1886இல் டால்ஸ்டாய் எழுதிய ‘இவான் இலியிச்சின் மரணம்’ கதையில், சாவுச் செய்தி கேட்ட சக அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, காலியான பதவி யாருக்கு என்பதே! சாகப்போகிறவரிடம் பொய் சொல்லாமல் பழகுகிற ஒரே ஆள், வேலைக்காரன் கெராசிம்.

நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர்!

இந்த மூன்றுமாக இருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1967இல் லண்டனில் சாகும் நிலையில் இருப்போருக்காக செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கி, வலி வரும்வரை காத்திராமல் நேரப்படி மருந்து கொடுக்கும் முறையைப் பரப்பினார். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அந்தப் பராமரிப்பை ஊர்த் தொண்டர்களின் கையில் கொடுத்து வீடு வீடாகக் கொண்டுபோனது. 2008இல் இதற்கென்று அரசுக் கொள்கையே வகுத்தது கேரளம், இந்தியாவிலேயே முதலாக!

யாரைக் கேட்டு?

தென்மாவட்டங்களில் முதியவரைக் குடும்பமே சாக வைக்கும் ‘தலைக்கூத்தல்’ பற்றி ‘பாரம்’, ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ என்று இரண்டு திரைப்படங்கள் வந்தன, தெரியுமா? இரண்டையும் எடுத்தவர்கள் பெண் இயக்குநர்கள்! சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் பிறர் முடிவெடுப்பதுதான் இங்கே கொடுமை. அதன் மறுபக்கமும் உண்டு. 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக், தன் விருப்பத்தைச் சொல்ல முடியாமலே 2015 வரை படுக்கையில் கிடந்தார். அவரைப் பராமரித்தது சக செவிலியர்கள்! அவர் வழக்கில்தான் 2011இல், பலன் தராத உயிர்காப்பு சிகிச்சையை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது.

முன்கூட்டியே எழுதிவைக்கலாம்!

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்றது. மீளவே முடியாத நிலை வந்தால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறையும் எளிதானது. மாஜிஸ்திரேட்டிடம் அலைய வேண்டாம். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான்! உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்றும் அதிலேயே குறிக்கலாம்.

சொத்துக்கு உயில் எழுதத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் விருப்பம் என்ன என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களுடையதையும் எழுதிவையுங்கள்!