ஒரே செம்பு... இரண்டு நிறம்!

குட்டீஸ், ஒரு புதிர்! கறுப்புப் பொடியைப் போட்டு நீலக் கண்ணாடி செய்ய முடியுமா? அதே பொடியால் சிவப்புக் கண்ணாடியும் செய்ய முடியுமா? முடியும்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மூர்க் கைவினைஞர்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

புதுக்கோட்டை நகருக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. சங்க காலக் கோட்டை ஒன்றின் மிச்சங்கள் அங்கே மண்ணுக்குள் இருக்கின்றன. 2021ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023ல் தமிழக அரசின் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வைத் தொடங்கின. தங்க அணிகலன், எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி ஆகியவற்றுடன் கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

அந்தக் காலத்தில் மணி செய்வதில் பெயர் பெற்ற ஊர், புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆய்வாளர் அகழாய்வு செய்த இடம் அது. உருகிய கண்ணாடியை நீளமான குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனைகளை மழுக்குவார்கள். மணி தயார்!

சரி, நிறம் எப்படி வந்தது? செப்புக் கம்பியைத் தீயில் காட்டினால் மேலே கறுப்பாக ஒரு படலம் படியும். அதுதான் செம்பு ஆக்சைடு. நூறு கிராம் கண்ணாடிக்கு இதில் ஓரிரு கிராம் சேர்த்தாலே போதும், நிறம் வந்துவிடும்.

உலையில் காற்று தாராளமாக இருந்தால், செம்பு ஆக்சிஜனோடு நன்றாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கண்ணாடி, வெளிச்சத்தில் உள்ள சிவப்பை விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் நீலமும் பச்சையும் நம் கண்ணுக்கு வரும். மயில் கழுத்து நிறம்!

காற்றைக் குறைத்துப் புகை சூழ எரித்தால் என்ன ஆகும்? நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைச் செம்பிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். செம்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் கண்ணாடிக்குள் நிற்கும். இப்போது மணி செங்கல் போலச் சிவந்துவிடும். வெப்பமானியோ வேதியியல் புத்தகமோ இல்லாமல், தீயின் போக்கைப் பார்த்தே இதைச் செய்தார்கள் என்றால் எவ்வளவு பெரிய திறமை!

பீங்கான் பாத்திரத்தின் பளபளப்புப் பூச்சிலும் இதே கதைதான். சீனக் குயவர்கள் செம்பு கலந்த பூச்சால் பச்சையும் கொண்டுவந்தார்கள். புகையில் சுட்டு ரத்தச் சிவப்பும் கொண்டுவந்தார்கள்.

கடலிலும் செம்புக்கு வேலை இருக்கிறது. பல கப்பல்களின் அடிப்பாகம் சிவப்பாக இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சில் பெரும்பாலும் இன்னொரு வகைச் செம்பு ஆக்சைடு இருக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் அது தடுக்கும். ஆனால், கரையும் செம்பு அதிகமானால் மற்றக் கடல் உயிர்களுக்கும் கெடுதல். அதனால் மாற்றுப் பூச்சுகளையும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

இன்று ஒரு மணியை உடைக்காமலே, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அதில் செம்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். ஆனால், அதன் வயதைச் சொல்வது அது கிடைத்த மண் அடுக்குதான்! 'அழகாக இருக்கே' என்று யாராவது எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், மணி மிஞ்சும். அதன் வரலாறு போய்விடும். ஆகவே, பழைய மணியோ பானை ஓடோ கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். இடத்தை நன்றாக நினைவில் வைத்து, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் போனால், 1910ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தைத் திருக்கோகர்ணத்தில் பார்க்க மறக்காதீர்கள். இனி எங்கே நீல மணியைப் பார்த்தாலும், சிவப்பு மணியைப் பார்த்தாலும், 'உலையில் காற்று இருந்ததா, இல்லையா?' என்று உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்!