கேமராவை யாருக்குத் திறப்பது?

லினக்ஸ் கணினியில் வெப்கேமராவைச் செருகியதும் 'டெவ்' அடைவுக்குள் 'வீடியோ0' என்றொரு கோப்பு முளைக்கிறது. அதற்குள் படம் எதுவும் இல்லை. கெர்னலில் உள்ள கேமரா டிரைவருக்குப் போகும் வாசல் அது. யுனிக்ஸ் மரபில் கருவிகளும் கோப்புகளாகவே தெரிவதால், கோப்புக்கான அனுமதி முறையே கேமராவுக்கும் செல்லும். 'எல்எஸ் -எல்' கட்டளையில் பார்த்தால் பெரும்பாலும் உரிமையாளர் 'ரூட்', குழு 'வீடியோ', அனுமதி 660 என்றிருக்கும். அந்த இரு தரப்பும் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

அனுமதி இல்லை என்று வந்ததும் பலர் 'சிஹெச்மோட் 666' அடித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். கேமராவைக் கழற்றிச் செருகினால் கோப்பு புதிதாக உருவாகி, அனுமதி பழையபடி 660 ஆகிவிடும். அலுத்துப்போய் 666-ஐயே, கருவிக் கோப்புகளின் அனுமதியை நிர்ணயிக்கும் யூடெவ்வில் ஒரு விதியாக எழுதி நிரந்தரமாக்குவதுதான் ஆபத்து. வீட்டுக் கணினியில் நான் ஒருவன்தானே என்று கேட்கலாம். ஆனால் அதில் வெப் சர்வர் நிறுவியிருந்தால் அதற்கென்று தனிக் கணக்கு உண்டு. அதன் ஓட்டை வழியே ஒருவன் நுழைந்தால், 660 அவனைக் கேமராவுக்கு வெளியே நிறுத்தும்; 666 வீட்டுக்கூடத்தையே காட்டிவிடும்.

'யூசர்மோட் -ஏஜி' கொடுத்து வீடியோ குழுவில் சேர்வது அதைவிட மேல். ('ஏ' விடுபட்டால் மற்றக் குழுக்களிலிருந்து நீங்கிவிடுவோம்; கவனம் தேவை.) ஆனாலும் குழு உரிமை, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே நுழைபவருக்கும் செல்லும். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவர் இன்னொருவரை அப்படி வேவு பார்க்க முடியும். ஆகவே லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டியின் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது: திரைக்கு முன் லாகின் செய்திருப்பவருக்கு மட்டும் ஏசிஎல் எனும் கூடுதல் அனுமதிப் பட்டியல் மூலம் உரிமை தருகிறது, வேறொருவர் அங்கு மாறியதும் பறித்துக்கொள்கிறது. அனுமதி வரிசையின் கடைசியில் தெரியும் '+' குறி அதன் அடையாளம். 'கெட்எஃப்ஏசிஎல்' பயனரின் பெயரையே காட்டும்.

யாரும் லாகின் செய்யாமல் இரவு பகலாக ஓடும் கண்காணிப்பு கேமராவுக்கு இது உதவாது என்பது நியாயமான மறுப்பு. அங்கே அந்தச் சேவைக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி, அதை மட்டும் வீடியோ குழுவில் சேர்க்கலாம். நம் பெயரில் ஓடும் எந்த நிரலும் கேமராவைத் திறந்துவிடுமே என்பதும் உண்மைதான். கோப்பு அனுமதி பயனர்களைப் பிரிக்குமே தவிர நிரல்களைப் பிரிக்காது. அதற்கு ஃபிளாட்பேக் போன்ற தனிக் காப்பு வேண்டும். 'டிவைஸ் பிஸி' என்ற பிழை வந்தாலோ, அனுமதியைத் தொடவே வேண்டாம்: வேறொரு நிரல் கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறது, அதை மூடினால் போதும்.