களிமண் கூழ்மங்களின் பாய்வியல்

களிமண் கூழ்மங்களின் பாய்வியல் என்பது, நீரிலோ பிற நீர்மங்களிலோ விரவிய மிக நுண்ணிய களிமண் துகள்கள் அந்நீர்மத்தின் ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆராயும் துறையாகும். வண்ணப்பூச்சு, மட்பாண்டக் குழம்பு, துளையிடும் பணிகளில் செலுத்தப்படும் பென்டோனைட்டுச் சேறு ஆகியவற்றின் பயன் இதைச் சார்ந்தது. பழனி மலைத்தொடர் போன்ற இடங்களில் சரிந்த மண் எவ்வளவு தூரம் ஓடும் என்பதும் இதைப் பொறுத்ததே.

தண்ணீர் எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் ஓடும். செறிவான களிமண் கூழ்மம் அப்படியன்று; தள்ளும் விசை ஓர் எல்லையைத் தாண்டும்வரை திண்மம்போல் நிற்கும், தாண்டியதும் ஓடும். கலக்கக் கலக்க இளகும். ஓய்வில் விட்டால் மீண்டும் இறுகும். இப்பண்புக்குத் திக்சோட்ரோபி என்று பெயர்.

காரணம் துகளின் வடிவமும் மின்னூட்டமும். மாண்ட்மோரிலோனைட்டுக் களிமண்ணின் ஏடு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அகலம் அதைப்போல் நூறு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். ஏட்டின் முகங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. காடித்தன்மையுள்ள நீரில் விளிம்புகள் நேர்மின்னூட்டம் பெறுவதால், ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்தில் ஒட்டிச் சீட்டுக்கட்டு வீடு போன்ற அமைப்பு உருவாகிறது. நீர் அதனுள் சிறைப்படுகிறது. லேப்போனைட்டு என்னும் செயற்கைக் களிமண்ணின் தட்டுகள் 25–30 நானோமீட்டர் விட்டமே உள்ளவை. எடையில் 3 விழுக்காடு கலந்தாலே நீர் கூழ்க்கட்டியாகிவிடும். நேரம் செல்லச் செல்ல அது இறுகும் விதத்தைப் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தினர் ஆராய்ந்துள்ளனர்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், சார்னோக்கைட்டுப் பாறைமீது அமைந்துள்ளது. இத்தகைய ஈரமான மேட்டுநிலங்களில் மழைநீர் பாறையின் சிலிக்காவைக் கரைத்துச் செல்வதால் எஞ்சும் களிமண்ணில் கயோலினைட்டு மிகுந்திருக்கும். அதன் ஏடுகள் இறுகப் பிணைந்தவை. இடையே நீர் எளிதில் புகாது. அடிவாரத்துக்கு வடக்கே கோவை, உடுமலைப்பேட்டை வட்டாரக் கரிசலிலோ மாண்ட்மோரிலோனைட்டு மிகுதி. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஆகவே கரிசலில் எடுத்த அளவுகளைக் கொண்டு மலைமண்ணின் ஓட்டத்தைக் கணிக்கக் கூடாது.

மண்சரிவுக்குக் களிமண்ணை மட்டுமே குறைகூறுவது பாதி உண்மைதான். மழையில் மண்துளைகளின் நீரழுத்தம் ஏறி உராய்வுப் பிடிப்பு தளர்வதாலேயே பெரும்பாலான சரிவுகள் தொடங்குகின்றன. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டிய இடங்களில் இது எளிது. களிமண்ணின் பங்கு அதன்பின் வருகிறது. நீரோடு கலங்கி இளகிய சேறு கற்களையும் சுமந்துகொண்டு ஓடும். சரிவு குறைந்த சாலைத் தளத்தில் நின்று இறுகும். மலைச்சாலைகளின் தாங்குசுவர்களில் நீர் வடியத் துளைகள் விடுவதன் நோக்கம் அந்நீரழுத்தத்தைக் குறைப்பதே. அத்துளைகளைக் களிமண் அடைத்துக்கொண்டால் சுவரே நீரைத் தேக்கும் அணையாகிவிடும்.